எழுதாதே என்று சொன்னவை

திருகோணமலைக்காரருக்கு இரண்டு கல்வெட்டுகள் உண்டு. இரண்டுமே கல்லில் வெட்டியவை அல்ல. ஒன்று, கவிராசவரோதயர் பெயரில் வழங்கும் கோணேசர் கல்வெட்டு. மன்னன் குளக்கோட்டன் எந்தக் குடிகளைக் கொண்டுவந்து இருத்தினான், கோணேசர் கோயிலில் யாருக்கு என்ன தொழும்பு, யாருக்கு என்ன உரிமை என்று அது சொல்கிறது. மற்றது, அந்தியேட்டியன்று வந்தவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், ஏதோ ஒரு பக்கத்தில் வம்சாவழி. குடும்ப வரலாறு தேடப் புறப்படுபவர் முதலில் புரட்டுவது இதைத்தான். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இப்படிப்பட்ட நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறது.

கோணேசர் கல்வெட்டில் குடியின் பெயர் இருந்தால் அது உரிமை. அந்தியேட்டிக் கல்வெட்டில் ஒரு மகளின் பெயர் இல்லையென்றால், அவள் வீட்டுக்கு ஒவ்வாத இடத்தில் கலியாணம் முடித்தவள் என்று ஊர் விளங்கிக்கொள்ளும். குடும்ப வரலாறு ஒருநாளும் வெறும் பெயர்ப் பட்டியலாக இருந்ததில்லை.

இன்று அந்த வேலை மடிக்கணினிக்கு வந்துவிட்டது. 1990இல் போருக்குப் பயந்து ஓடியபோது காணி உறுதியையும் சாதகக் கட்டையும் தூக்கியவர்கள் உண்டு. அதையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் அதிகம். மிஞ்சியதில் ஒரு பகுதியை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. ஆகவே ஓய்வுபெற்ற ஒரு பெரியப்பா உட்துறைமுக வீதிப் பக்கம் வீடு வீடாகப் போய், ஈரம் பட்டு ஒட்டிப்போன படங்களை ஸ்கான் செய்து, கிழவிகளின் குரலைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தால், அந்தக் கோப்பு விலைமதிப்பற்றதுதான். அவருக்கு வயது போகிறது. ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகள் கேட்கிறாள்: “பெரியப்பா, முழுக்க எனக்கு அனுப்பிவிடுங்கோ.”

முழுக்க அனுப்பலாமா?

அனுப்பத்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் வலுவானது. தொகுத்தவர் தன் கையால் கழித்துக் கொடுத்தால் அவரும் அந்தியேட்டிக் கல்வெட்டையே திரும்ப அச்சடிக்கிறார். விட்டுப்போன அந்த மகளை இரண்டாம் முறையும் வீட்டைவிட்டு அனுப்புகிறார். குடும்ப மானம் என்று சொல்லி மறைப்பதற்குத் தொகுத்தவருக்கு எந்த உரிமையும் இல்லை; மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றவர்களால்தான் பாதி வரலாறு காணாமல் போனது.

ஆனால் அந்தக் கோப்பில் வேறொரு வகையும் இருக்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது, “உதை நிப்பாட்டு தம்பி, பிறகு சொல்லுறன்” என்று ஒரு கிழவி சொல்கிறாள். தொலைபேசி நிற்கிறது. பிறகு சொன்னதைப் பெரியப்பா இரவில் நினைவிலிருந்து தட்டச்சு செய்து வைக்கிறார். இன்னார் பெற்ற பிள்ளை இன்னார் வீட்டில் வளர்ந்தது என்பது போன்ற சங்கதி. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது, லண்டனில் இருக்கிறார், அவருக்கே தெரியாது. இது குடும்பத்தின் மானம் அல்ல, ஓர் உயிருள்ள மனிதரின் வாழ்க்கை. அதைத் தட்டச்சு செய்ததே சரியா என்று கேட்கவும் இடமுண்டு. மரபணுச் சோதனைப் பெட்டி தபாலில் வருகிற காலத்தில் எப்படியும் தெரியவரும் என்பார்கள். வரட்டும், அவர் தானாகத் தேடி அறிவதும், வட்ஸ்அப் குழுவில் மச்சாள் ஒருத்தி போட்டு அறிவதும் ஒன்றல்ல.

இதைவிடக் கடினமானது ஒரு சின்னக் கட்டம். வம்சாவழி மென்பொருள் ஒவ்வொரு பெயருக்கும் கேட்கும்: உயிரோடு இருக்கிறாரா, இறந்தவரா? பல தளங்களில் உயிரோடிருப்பவரின் விவரம் மூடியே இருக்கும். இறந்தவர் என்று குறித்ததும் ஊர் உலகம் பார்க்கலாம். இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு மூன்றாவது விடை வைத்திருக்கும், மகன் காணாமலாக்கப்பட்ட தாய்மார் உண்டு. 2015 நவம்பரில் ஐ.நா.வின் வலிந்து காணாமலாக்கப்படுதல் பற்றிய செயற்குழு இந்தத் துறைமுகக் கடற்படைத் தளத்துக்குள்ளேயே போய், ஆட்களை இரகசியமாக அடைத்துவைத்த இடத்தைப் பார்த்தது. 2016இல் வந்த சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதில், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெற வழிவிட்டது. அரசாங்கமே அந்தக் கட்டத்துக்கு மூன்றாவது பதில் கொடுத்திருக்கிறது, பல மென்பொருள்கள் இன்னும் கொடுக்கவில்லை. பெறாமகள் நல்ல எண்ணத்தோடுதான், மரத்தை நிறைவாக்குகிறேன் என்று, ‘இறந்தவர்’ என்பதில் ஒரு தட்டுத் தட்டுவாள். மரணச் சான்றிதழ் வாங்க மறுத்துவந்த தாய்க்குப் பதிலாக அவள் கையெழுத்து வைத்தது போலாகிவிடும்.

ஆகவே கோப்பைக் கொடுப்பவர், எதை யார் எந்த நிபந்தனையில் சொன்னார் என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கோப்பைப் பெறுபவருக்கு அந்த வாக்கும் வந்து சேர்கிறது. அதனால் ஆளைத் தெரிவுசெய்வதிலும் மூத்த மகன், கணினி தெரிந்தவள் என்ற கணக்குகள் உதவா. பொறுத்திருக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர் தாய்வழியில் மூன்றாம் முறை உறவாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படி ஒருவர் கிடைக்கும்வரை வைத்திருப்போம் என்று தள்ளிப்போடுவதும் முடியாது. கோப்பு கிடக்கும் கணக்கை இரண்டு வருடம் திறக்காவிட்டால் கூகுள் அழித்துவிடலாம்.

பெரியப்பா செய்யக்கூடியது ஒன்று உண்டு. அனுப்புமுன் ஒருதரம் அந்தத் தாயிடம் போய், “இதைப் பிள்ளையிட்டக் குடுக்கப்போறன், உங்கட மகன்ர பேருக்கு நேரே என்ன போடட்டும்?” என்று கேட்பது. அவள் ஒன்றும் போடாதே என்று சொல்லக்கூடும். அந்தக் கட்டம் வெறுமையாகவே ரொறன்ரோவுக்குப் போகட்டும், பக்கத்தில் அவள் அப்படிச் சொன்ன நாளின் தேதியோடு.