பேட்டரிக் கட்டையும் மனச்சான்றும்

ஒரு பொருளைப் பயன்படுத்துவதில் அறம் உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. அதை எறிவதிலும் அறம் உண்டா என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. டார்ச் விளக்கின் பேட்டரிக் கட்டை சிறிய பொருள்தான். ஆயினும் இவ்வினாவை அதைக் கொண்டே ஆராயலாம்.

கல்வராயன் மலைச் சிற்றூர்களில் டார்ச் விளக்கு ஆடம்பரமன்று. மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவருக்கும், மழை இரவில் மின்சாரம் நின்றபின் ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்கும் அது இன்னொரு கண். ஏழை இல்லங்களில் கட்டையை எளிதில் எறிந்ததும் இல்லை. ஒளி மங்கியதும் வெயிலில் காயவைத்து மேலும் இரண்டு இரவுகளை ஓட்டினார்கள். அதுவும் தீர்ந்தபின் உள்ளிருந்த கரியைக் கோவை இலையோடு அரைத்துப் பள்ளியின் கரும்பலகைக்குப் பூசிய தலைமுறை நம்மிடையே இன்னும் உண்டு. (அக்கரியில் மாங்கனீசுச் சேர்மம் மிகுதி, குழந்தைகளின் கைக்கு அது ஏற்றதன்று என்று அன்று யார் சொன்னார்கள்?)

சாதாரணக் கட்டையின் புறக்கூடு துத்தநாகத்தால் ஆனது. மின்சாரம் தரத் தர அக்கூடு கரைந்து மெலிகிறது. பழங்கட்டை ஒழுகி விளக்கையே அரித்துவிடுவது அதனால்தான். உள்ளரிப்பைத் தடுப்பதற்கு முன்பு பாதரசமும் சேர்த்து வந்தார்கள். அமெரிக்கா 1996-இல் அதனைச் சட்டத்தால் விலக்கியது. இன்றைய கட்டை பழையதைவிடத் தீங்கு குறைந்தது என்பது உண்மையே. எனினும் குப்பைமேட்டில் எரிந்தாலும் மண்ணில் மக்கினாலும் உலோகம் அழிவதில்லை. இடம் மட்டுமே மாறுகிறது.

அப்படியானால் மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் மின்கலத்தை வாங்குவதே அறம் அன்றோ? நகரத்தில் வாழும் நம்மில் பலர் அவ்வாறே எண்ணி அமைதி கொள்கிறோம். விடை அத்துணை எளிதன்று. இவ்வகையில் முதலில் வீடுகளுக்குப் பரவலாக வந்தது நிக்கல்-காட்மியம் கலம். காட்மியம் என்ன செய்யும் என்பதை ஜப்பானின் தொயாமா மாநிலம் அறியும். ஜின்சூ ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவு நெல்வயலுக்குப் பாய்ந்து, அரிசி வழியாக மனித எலும்பை அடைந்தது. எலும்புகள் முறிந்து மக்கள் வலியால் அலறிய அந்நோயைக் காட்மியத்தின் விளைவு என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. குற்றவாளி அங்கே சுரங்கமே, பேட்டரி அன்று. ஆயினும் மலையில் விட்டது சமவெளியின் சோற்றுக்கு வந்து சேரும் என்பதைக் கள்ளக்குறிச்சி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்துதான் நம் வயல்களுக்கு வருகிறது.

காட்மியத்தின் இடத்தைப் பெரும்பாலும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலமும் லித்தியம் கலமும் பிடித்துக்கொண்டன. முன்னதைப் பற்றி இத்தாலிய ஆய்வாளர் சிலர் 2016-இல் வெளியிட்ட கணக்கு சிந்திக்கத்தக்கது. அக்கலத்தைக் குறைந்தது 50 முறையேனும் மின்னேற்றிப் பயன்படுத்தினால்தான் எறிகட்டையைவிட அது தெளிவாக மேம்பட்டது ஆகுமாம். அதை உருவாக்கவும் சுரங்கம் வேண்டும், உலை வேண்டும். அக்கடன் பயன்பாட்டினால்தான் தீரும். ஓராண்டுக்கு ஒரே கட்டையில் ஓடும் சுவர்க்கடிகாரத்தில் அதனைப் போடுவதால் யாருக்கு என்ன நன்மை? நாள்தோறும் எரியும் காவல்விளக்கிலோ சில மாதங்களிலேயே அக்கடன் தீர்ந்துவிடும். ஆக, அதனால் மிகுந்த பயன் அடையக்கூடியவர் மலையில் இருக்கிறார். அதை வாங்கி நான்கு முறை மின்னேற்றி மேசை அறையில் மறந்துவிடுபவர் நகரத்தில் இருக்கிறார். அவ்வாறு மறந்தவர்தாம் மலைவாழ் மக்கள் கட்டையைக் காட்டில் எறிவதாகக் குறைகூறுகிறார்!

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மின்னேற்று விளக்குகளின் கதையோ வேறு. பலவற்றில் கலம் உள்ளேயே மூடப்பட்டிருக்கிறது. கலம் செத்தால் விளக்கும் செத்தது. மாற்றிப் போட வழியில்லை. சிலவற்றுள் ஈயமும் உண்டு. சிக்கனம் என்று நம்பி வாங்கிய ஏழை, இருநாளைக் கூலியையும் இழந்து, முன்னிலும் கொடிய குப்பையை வீட்டில் வைத்திருக்கிறார்.

அறநெறி இறையியலில் தீமையோடு ஒத்துழைத்தல் என்றொரு பகுதி உண்டு. செய்பவன் யார், அருகிருந்து துணைபோனவன் யார், தொலைவிலிருந்து அறியாமல் துணையானவன் யார் என்று அது பிரித்துப் பார்க்கும். வேறு வழியற்றவனின் பொறுப்பைக் குறைத்தே மதிக்கும். இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், மாற்றுவழி இல்லாமல் இரண்டு கட்டைகளைப் புதரில் எறிந்த மலைவாசியை முதற்குற்றவாளி எனக் கூற நமக்கு மனம் வரவில்லை. திறக்க முடியாத விளக்கை அறிந்தே வடிவமைத்தவரும், விற்றபின் திரும்பிப் பாராதவரும் அவருக்கு முன்னே நிற்க வேண்டியவர்கள்.

இந்திய அரசு 2022-இல் வகுத்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் ஏறக்குறைய இத்திசையிலேயே செல்கின்றன. 2001-இன் விதிகள் ஈய-அமில பேட்டரிகளை மட்டுமே கருதின. புதிய விதிகள் கையடக்கக் கட்டை வரை எல்லா வகையையும் உட்படுத்தி, திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் இறக்குமதியாளர்மீதும் சுமத்துகின்றன. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைப்பது நம் பங்கு. ஒப்படைக்க ஓர் இடம் இருந்தால்தானே அப்பங்கு நிறைவேறும்?

வெள்ளிமலைக் கடைக்குப் புதுக்கட்டை ஏற்றிச் செல்லும் வண்டி திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாகத்தான் இறங்குகிறது. கடைக்காரர் ஒரு தகர டப்பாவை வைத்து, பழங்கட்டையைக் கொண்டுவருபவருக்குப் புதுக்கட்டை விலையில் ஒரு ரூபாயைக் குறைத்தால், டப்பா நிறைய நெடுநாள் ஆகாது. அந்த ஒரு ரூபாயை மலைவாசியிடம் கேட்பது முறையன்று. கடைக்காரரிடம் கேட்பதும் முறையன்று. அது கட்டையைச் செய்து விற்பவரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.