சுவையிற் சரியும் பிழையும்

ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்து ஞாயிறொன்றில் 'சூப்பர் பௌல்' எனப்படும் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி நடைபெறுகின்றது. (உதைபந்தாட்டம் என்பது பெயரளவிலேதான், பந்து பெரும்பாலும் கைகளிலேயே செல்கின்றது.) 1967ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டி நாளடைவில் ஒரு விருந்து நாளாகவும் ஆகிவிட்டது. நண்பரும் உறவினரும் தொலைக்காட்சியின் முன் கூடுவர். பஃபலோ நகரத்து மதுச்சாலையொன்றில் 1964இல் தோன்றியதாகக் கூறப்படும் காரமான கோழிச் சிறகுப் பொரியல், புகையில் வாட்டிய பன்றி விலா, மாட்டிறைச்சியை மிளகாயுடன் நெடுநேரம் வேகவைத்த 'சில்லி' என்னும் குழம்பு ஆகியன மேசையை நிறைக்கும். இவற்றுக்கு நெடுங்காலம் துணையாயிருந்தது பியர். இன்று சிவப்பு வைனும் அம்மேசைக்கு வந்துள்ளது. வரும்போது தன்னோடு ஒரு சட்டக்கோவையையும் அது கொண்டுவந்தது. எவ்வுணவுக்கு எவ்வைன் சரி, எது பிழை என எடுத்துரைக்கும் அறிவுரைகள் போட்டிக்கு முந்திய வாரங்களிலே பத்திரிகைகளில் மலிகின்றன.

மது அருந்துதல் தகுமா தகாதா என்பது வேறொரு வினா. அதனை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. என் ஐயம் அச்சட்டக்கோவையில் வரும் 'பிழை' என்ற சொல்லைப் பற்றியது. கணக்கொன்றின் விடை பிழை என்கின்றோம். பொய்யுரைத்தல் பிழை என்கின்றோம். கோழிச் சிறகுக்குக் கடுந்துவர்ப்பான வைன் பிழை என்பவர், இவ்விரண்டில் எந்தப் பிழையைக் கருதுகின்றார்? அச்சொல்லை விருந்தினர் முகத்துக்கு நேரே கூறும்போது அவருக்கு நாம் செய்வது யாது?

முதலில் உடலின் பக்கத்தை நோக்குவோம். நம் மரபு அறுசுவை என எண்ணியவற்றுள் துவர்ப்பும் கார்ப்பும் அடங்கும். மேனாட்டு உடற்றொழிலியலோ இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, இறைச்சிச் சாறு போன்றவற்றிலுள்ள 'உமாமி' ஆகிய ஐந்தையே அடிப்படைச் சுவைகளாகக் கொள்கின்றது. துவர்ப்பைத் தொடுகை சார்ந்த உணர்வென்றும், கார்ப்பை வெப்பமும் நோவும் சார்ந்த உணர்வென்றும் அது புறத்தே வைத்துவிடுகின்றது. சிவப்பு வைனுக்கும் இவ்விருந்துக்கும் இடையிலான வழக்கு பெரும்பாலும் புறத்தே வைக்கப்பட்ட இவ்விரண்டையும் பற்றியதே. ஆதலின் இதனைத் தமிழிற் பேசுவது ஒருவகையில் எளிது.

திராட்சைத் தோலிலும் விதையிலுமுள்ள தனின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்கின்றது. வழுவழுப்பை இழந்து வாய் உலர்ந்து இறுகுவதையே துவர்ப்பு என்கின்றோம். வெறுந் தேநீர் அருந்துவோர் இதனை நன்கறிவர். அதிற் பாலைச் சேர்த்ததும் துவர்ப்புத் தணிவது, பாலின் புரதம் தனினைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதனாலாகும். கொழுப்பும் புரதமும் மிக்க இறைச்சியோடு துவர்ப்பான வைன் இசைந்துபோகும் என்பதன் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே. காரத்தின் கதை வேறு. மிளகாயிலுள்ள கப்சைசின் சூட்டை உணரும் நரம்பு வாங்கிகளையே தூண்டுகின்றது. அற்ககோல் அதே வாங்கிகளை இன்னும் எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொணர்கின்றது. ஆகவே அற்ககோல் மிகுந்த வைன் காரத்தின் எரிவைக் கூட்டும்.

இனித்தான் சிக்கல் தொடங்குகின்றது. கலிபோர்னியாவின் 'சின்ஃபண்டெல்' வைனில் அற்ககோல் 15 வீதத்தை எட்டுவதுண்டு. ஆயினும் இவ்விருந்துக்குப் பலரும் பரிந்துரைப்பது அதனையே. அதன் கனிந்த பழச்சுவை, புகையூட்டிய விலாவுக்கும் அதன்மீது பூசிய இனிப்புக் குழம்புக்கும் பொருந்தும் என்பர். (அமெரிக்கரின் சொந்தக் கொடியெனப் போற்றப்பட்ட இது, குரோசியாவின் பழைய திராட்சை இனமொன்றே என்பது 2001இல் மரபணு ஆய்வினால் தெளிவாயிற்று.) வேறு சிலர் தனினும் அற்ககோலும் குறைந்த, சற்றே குளிரூட்டிய பிரெஞ்சு போஜொலே வைனையே விதிப்பர். உற்று நோக்கின், இவ்விரு சாராருக்கும் இடையே உடல் பற்றிய பிணக்கு எதுவுமில்லை. எரிவு கூடும் என்பதை இருவரும் மறார். எரிவை விரும்புவோன் சின்ஃபண்டெலை நாடுவான், விரும்பாதோன் விலகுவான்.

"எரிவு கூடும், ஆகவே அது பிழை" என்ற வாதத்தில் இடையிலே ஓர் எடுகூற்று ஒளிந்திருக்கின்றது. எரிவு கூடுதல் வேண்டப்படாதது என்பதே அது. 'உள்ளது' என்பதிலிருந்து 'வேண்டியது' என்பதற்கு மெய்யியலாளர் ஓசையின்றித் தாவிவிடுவதை டேவிட் ஹியூம் 1739-40இல் வெளிவந்த தம் பெருநூலிலே சுட்டிக்காட்டினார். வைன் நூலாரும் அத்தாவலையே செய்கின்றனர். கான்ற் வகுத்த பாகுபாட்டின்படி நோக்கினால், இவர்தம் விதிகள் யாவும் நிபந்தனைக் கட்டளைகள்: இன்ன பயன் வேண்டின் இன்னது செய்க. அந்த 'வேண்டின்' என்பதை நிரப்பும் உரிமை அருந்துபவருடையது. நிபந்தனையை விழுங்கிவிட்டுக் கட்டளையை மட்டும் உரைப்பவர், பிறர்க்குரியதோர் உரிமையை அவர் அறியாமலே எடுத்துக்கொள்கின்றார்.

அவ்வாறாயின் சுவையெல்லாம் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாமே என்பர். நம் மாணவரிடையே இக்கருத்து மிகவும் செல்வாக்குடையது, பண்பட்டதாகவும் தோன்றும். எனக்கு இது உடன்பாடன்று. 1757இல் எழுதிய சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில் ஹியூம், 'டொன் கிஹோட்டே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கின்றார். சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் வைன் பீப்பாய் ஒன்றைச் சுவைத்து மதிப்பிடுமாறு கேட்கின்றனர். நன்று, ஆனால் தோல் வாடை சிறிதுண்டு என்கின்றார் ஒருவர். நன்று, ஆனால் இரும்பின் சுவை சிறிதுண்டு என்கின்றார் மற்றவர். கேட்டோர் நகைக்கின்றனர். பீப்பாய் வெறுமையானதும் அடியிலே தோல்வார் கோத்த பழைய திறவுகோல் ஒன்று கிடக்கின்றது. கூர்ந்து சுவைக்கும் ஆற்றல் உண்டு. அது பயிற்சியால் வளரும். அதற்குப் புறத்தே சான்றும் கிடைக்கக்கூடும். 'எல்லாம் ஒன்றே' என்பவர் திறவுகோல் இருந்ததையே மறுக்கின்றார்.

ஆயினும் ஒவ்வொரு பீப்பாயிலும் திறவுகோல் இருப்பதில்லை. 2001இல் வெளியான ஆய்வொன்றில், போர்தோ நகரில் வைனியல் பயின்ற 54 மாணவரிடம் வெள்ளை வைனுக்கு மணமற்ற சிவப்புச் சாயமூட்டிக் கொடுத்தனர். அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தனர். கண் கண்டதை மூக்கு வழிமொழிந்தது. இதைக்கொண்டு வைன் அறிவு முழுவதும் போலியென எள்ளுவோர் உளர், அது மிகை. பயின்ற மூக்கும் தனியே நின்று தீர்ப்புக் கூறுவதில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறத்தக்கது. கண்ணோடு, பெயர்ச்சீட்டும் விலையும் அருகிலிருப்போரின் மதிப்பும் அத்தீர்ப்பில் கலந்துவிடக்கூடும் என எண்ண இது இடந்தருகின்றது.

இங்கேதான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ நமக்குத் துணையாகின்றார். 1979இல் வெளிவந்த தம் நூலிலே, உணவிலும் கலையிலும் மக்கள் கொள்ளும் விருப்பு வெறுப்புகள் அவர்தம் வர்க்க நிலையோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அவர் விரித்துக் காட்டினார். சுவையறிவு பிறரிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டும் கருவியாகின்றது. விளையாட்டு நாளின் மேசைக்கு வைன் வந்த கதையை இவ்வொளியில் நோக்கலாம். கையால் எடுத்து, விரல்களை நக்கி, கூச்சலிட்டு உண்ணும் விருந்து அது. அங்கே பியரைப் பற்றி எவரும் எவரையும் திருத்தியதாக அறியோம். வைன் வந்ததும் திருத்துவோரும் திருத்தப்படுவோரும் தோன்றிவிட்டனர். திருத்தப்படுபவர் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பில்லாதிருந்தவர். அவர் அடையும் நாணம் சிறிதன்று. அடுத்த முறை தமக்குப் பிடித்ததை எடுக்காது, பக்கத்திலிருப்பவர் எடுப்பதையே அவரும் எடுப்பார். ஒருவர் தம் நாவையே நம்பாதவாறு ஆக்குவது, அவருக்குச் செய்யும் சிறு தீங்கென நான் கருதவில்லை.

மறுபுறத்தே இன்னொரு தீங்குமுண்டு. 'ஆட்டம் பார்க்க வரும் கூட்டந்தானே, எதை ஊற்றினாலென்ன' என்று மலிவான போத்தலைத் திறக்கும் விருந்தளிப்போன் முன்னவனைவிடத் தாராளமானவன் போலத் தோன்றுவான். உண்மையில் அவனும் விருந்தினரைத் தரம் பிரித்துவிட்டான். கூர்ந்து சுவைக்கும் ஆற்றல் அவர்களுக்கு வாராதென முன்னரே தீர்மானித்துவிட்டான். தனின் பற்றியும் எரிவு பற்றியும் தெரிந்ததைச் சொல்லாது வைத்துக்கொள்வதும் ஒருவகைச் செருக்கே. விதியாகச் சொன்னால் வன்முறையாவது, செய்தியாகச் சொன்னால் கொடையாகலாம். இதனை எத்தொனியில், எவ்வேளையில் சொல்வது என்பதற்கு வாய்பாடு எதையும் என்னால் தர இயலவில்லை.

கடினமானதோர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விருந்தினர் ஒருவர் தம் சிவப்பு வைனிலே பனிக்கட்டி கேட்கின்றார். அறிந்தோர் முகஞ்சுளிக்கும் செயல் இது. குளிர்ச்சி துவர்ப்பை மேலும் உணரச் செய்யும்; உருகும் நீர் அற்ககோலைத் தளர்த்தி, காரமான சிறகோடு அருந்துகையில் எரிவைச் சற்றுத் தணிக்கவும் கூடும். அவர் எதை விரும்பிக் கேட்டார் என்பது நமக்குத் தெரியாது. அதனைக் கேட்டறியலாம், மேசையின் மறுமுனையில் குளிரூட்டிய போஜொலே இருப்பதையும் சொல்லலாம். அதன்பின்னும் அவர் பனிக்கட்டியே வேண்டுமென்றால், எழுந்து சென்று கொண்டுவர வேண்டியவர் விருந்தளிப்பவர்தான்; அதுவும் ஆட்டத்தின் அடுத்த பகுதி தொடங்குவதற்கு முன்னர்.