நீர் காத்தலும் உயிர் காத்தலும்



நாம் நாள்தோறும் ஏற்கும் ஐந்து சீலங்களுள் முதலாவது கொல்லாமை. கையால் ஓருயிரைக் கொல்லாதிருந்தால் அச்சீலம் நிறைவேறிற்று என நம்மிற் பலர் அமைதி கொள்கின்றனர். மலையின் மரங்களை வெட்டிச் சுனைகளை வற்றச்செய்து, அங்கு வாழ்ந்த மானும் புலியும் தாமே மடியும்படி விடுவதும் கொலையன்றோ?

இராஜஸ்தானத்தில் பைராத் என்றோர் ஊர் உண்டு. மாமன்னர் அசோகர் சங்கத்தை விளித்து, ஏழு தம்மப் பகுதிகளைப் பெயர் சொல்லி, பிக்குகளோடு இல்லறத்தாரும் அவற்றைக் கேட்டுச் சிந்திக்குமாறு வேண்டிய கல்வெட்டு அவ்விடத்தே கிடைத்தது. அதற்கு அண்மையில், அதே ஆரவல்லி மலைத்தொடரில், ஆல்வார் மாவட்டத்துச் சரிஸ்கா வனம் பரந்துள்ளது.

அவ்வட்டாரத்து மலைகள் மரமிழந்தன. மழைநீர் நில்லாதோடி மண்ணையும் வாரிச் சென்றது, கிணறுகள் வறண்டன, அர்வரி என்னும் சிற்றாறு மழைக்காலம் கழிந்ததும் வெறும் மணலாயிற்று. 1985 முதல் தருண் பாரத் சங்கத்தாரும் கிராம மக்களும் கூடி, முன்னோர் அறிந்திருந்த ‘ஜோகட்’ என்னும் பிறைவடிவ மண்கரைகளை மீண்டும் எடுத்தனர். அதன் செயல் மிக எளிது. சரிவில் வரும் நீரைக் கரை மறிக்கும். நீர் நிலத்துள் இறங்கும். கீழுள்ள கிணற்றில் ஊறும். ஊற்று மிகுந்தால் ஆற்றிற் கசியும். ஒரு கரையால் என்ன ஆகும் என்று கேட்பாரும் அங்கு இருந்திருப்பர். நூற்றுக்கணக்கில் கரைகள் எழுந்தபின், 1990களின் நடுவில், அர்வரி ஆண்டு முழுதும் ஓடலாயிற்று. சுமார் 70 கிராமத்தார் ஓர் அவை கூட்டி நீருக்கும் காட்டுக்கும் விதி வகுத்தனர்.

பகவர் போதித்த சார்பிற்றோற்றத்தை இம்மலைச் சரிவிற் கண்ணாரக் காணலாம். மரத்தைச் சார்ந்து மண். மண்ணைச் சார்ந்து நீர். நீரைச் சார்ந்து புல். புல்லைச் சார்ந்து மான். மானைச் சார்ந்து அருகிவரும் புலி.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. ஊற்றுகள் திரும்பிய அவ்வட்டாரத்திலேயே சரிஸ்காப் புலிகள் திருட்டு வேட்டைக்கு இரையாயின. ஒன்றும் எஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியாயிற்று. 2008 முதல் ரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொணர்ந்து விட்ட பின்னரே அவ்வினம் அங்கு மீண்டும் பெருகிற்று. நீரளித்தல் கொல்லாமைக்கு ஈடாகாது. நீரற்ற காட்டில் கொல்லாமை மட்டும் பயன் தராது. அசோகர் இரண்டையும் அறிந்தவர். தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் கொல்லத்தகாத உயிர்களை வரிசைப்படுத்தியவர், வீணாகவோ உயிர்களை அழிக்கும் பொருட்டோ காடுகளைக் கொளுத்தலாகாதென்றும் அங்கேயே விதித்தார்.

“நீர் முகக்கவும் நம்மை விடாதவர்களின் குளத்தை நாம் ஏன் தூர்வார வேண்டும்?” என்று ஓர் அன்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, அதன் வலியறியாதார் நம்முள் இலர். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் பருகியது, பொதுநீர் நமக்கும் உரியதென நிலைநாட்டவே. ஆகவே உரியவர்களாய்க் கரையில் நிற்போம், ஏவலாளராய் அன்று. தூர்வாரும் வேலை நம் தலையில் மட்டும் சுமத்தப்படுமாயின் மறுத்தல் வேண்டும். ஊரார் அனைவரும் மண்வெட்டி எடுக்கையில் நாமும் எடுத்தல் வேண்டும். நீரைப் பங்கிடும் அவையிலும் நமக்கு இடம் வேண்டும்.

நம் சங்கக் கிளையார் மழைக்கு முன்னர்த் தத்தம் ஊர் நீர்வரத்துக் காலைக் கால்நடையாய்ச் சென்று கண்டு, அடைபட்ட இடங்களைக் குறித்து வருக. கரையிலும் புதரிலும் எவ்வெவ் உயிர்கள் வாழ்கின்றன, பறவைகள் எத்திங்களில் குஞ்சு பொரிக்கின்றன என்பனவற்றையும் முதியோரிடம் கேட்டு வருக. வேலை தொடங்கும் நாளை அதன்பின் பௌர்ணமிக் கூட்டத்தில் குறிப்போம்.