ஒன்பது வயதுக் கனவில் ஒரு பூனை



தூய தொன் போஸ்கோவை நினைவுகூரும் இந்நாளில், அவர் ஒன்பது வயதில் கண்ட கனவிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ 1824ஆம் ஆண்டு. இத்தாலியின் பெக்கி என்ற சிற்றூரில் தந்தையை இழந்த ஏழைச் சிறுவன் ஜான். கனவில் பையன்கள் கூட்டமாக நிற்கிறார்கள். விளையாட்டு, சண்டை, கெட்ட வார்த்தை. ஜான் பாய்ந்து போய்க் கையாலும் வாயாலும் அவர்களை அடக்கப் பார்க்கிறான். அப்போது மாண்புமிக்க ஒருவர் தோன்றி, அடியால் அல்ல, கனிவால் இவர்களை நண்பர்களாக்கிக்கொள் என்று சொல்கிறார். சற்று நேரத்தில் பையன்கள் மறைந்து, அந்த இடத்தில் ஆடு, நாய், பூனை, கரடி எல்லாம் நிற்கின்றன. பிறகு அவையும் சாதுவான செம்மறிக்குட்டிகளாகின்றன.

அந்தக் கூட்டத்தில் பூனையும் இருந்ததைப் பல ஆண்டுகள் நான் கவனித்ததே இல்லை. திருவிவிலியத்தில்கூடப் பூனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில், பொய்த் தெய்வங்களின் சிலைமேல் வந்து உட்காரும் உயிர்களோடு அது வருகிறது. நம் பங்கு இல்லத்துக்கு மணி என்ற பூனை வந்த பிறகுதான் தொன் போஸ்கோவின் பூனை என் கண்ணில் பட்டது.

மணி சாப்பாட்டு மேசைமேல் தாவும். செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பேன். ஒரு வாரத்தில் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். சமைக்கும் அக்கா ஒருநாள் சொன்னார்: "நீங்க இருக்கறப்பதான் ஃபாதர் ஏறாது. நீங்க பூசைக்குக் கிளம்பினதும் மேசைமேலதான் படுத்திருக்கும்." என் அடி அதற்கு மேசையைப் பற்றி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. என்னைப் பற்றித்தான் கற்றுக்கொடுத்திருந்தது. வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

வெறிநோய்த் தடுப்பூசி போட மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இன்னொரு தவறு செய்தேன். பிடித்துக் கூடைக்குள் திணித்தேன். அதன்பின் அந்தப் பிளாஸ்டிக் கூடையைக் கண்டாலே மதில் தாண்டி ஓடும். அங்கிருந்த மருத்துவர்தான் வேறு வழி சொன்னார். கூடையை ஒளித்து வைக்க வேண்டாம். கதவைக் கழற்றி, பழைய துண்டை விரித்து, கூடத்து மூலையிலேயே கிடக்கட்டும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு பிய்த்து வைத்துக்கொண்டேன். மணி கூடையைத் திரும்பிப் பார்த்தால் போதும், அந்தக் கணமே ஒரு துண்டு. நேரம் தப்பக் கூடாது. சற்றுத் தாமதித்தாலும் பூனை வேறு ஏதாவது செய்யத் தொடங்கியிருக்கும், பரிசு அதற்குப் போய்விடும். ஆகவே பேனாவை 'டிக்' என்று அழுத்தி, உடனே துண்டைக் கொடுப்பேன். சில நாளில் அந்தச் சத்தமே, "ஆமாம், இதுதான்" என்று அதற்குச் சொல்லத் தொடங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு முன், பசி இருக்கும்போது, மூன்று நிமிடம், அதற்குமேல் இல்லை. முதலில் பார்வை. பிறகு கூடையை நோக்கி ஓரடி. பிறகு மூக்கு மட்டும் உள்ளே. ஒருநாள் முன்கால் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கியது. அதற்கும் ஒரு துண்டு. பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிடலாமே என்று என் கை துறுதுறுத்தது. தள்ளியிருந்தால் அத்தனை நாள் உழைப்பும் போயிருக்கும். 17ஆம் நாள் தானாக உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, படுத்துக்கொண்டது.

மேசைக்கும் அதே வழிதான். சன்னலோரம் உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, அதில் ஏறும்போதெல்லாம் பரிசு கொடுத்தேன். பூனைக்கு உயரம் வேண்டும். அதைக் குற்றமாக்கியது நான்தான்.

அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்ற ஆய்வாளர் விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்பதை 1898இல் பூனைகளைக் கொண்டே ஆராய்ந்தார். பசித்த பூனையை மரப்பெட்டியில் அடைத்து, வெளியே உணவு வைப்பார். உள்ளே தொங்கும் கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். தட்டுத்தடுமாறித் திறந்த பூனை, திரும்பத் திரும்ப அடைக்கும்போது வரவரச் சீக்கிரமாக வெளியே வந்தது. நல்ல பலன் தந்த செயல் பதிகிறது, துன்பம் தந்த செயல் மறைகிறது என்று முடிவு செய்தார். 1930களில் அதில் பாதியைத் தாமே திருத்திக்கொண்டார்: பரிசு பதியவைக்கும் அளவுக்குத் தண்டனை அழிப்பதில்லை. தாம் எழுதியதையே திருத்திய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். தொன் போஸ்கோவோ அதற்கு முன்பே தூரின் நகரத்துத் தெருப்பையன்களிடம் இதைக் கண்டறிந்து, 1877இல் தம் முன்தடுப்புக் கல்விமுறையை எழுதிவைத்தார். அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றில் நிற்கும் அந்த முறையில் அடிக்கு இடமே இல்லை. அவருடைய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு அதைத்தான் கொண்டுவந்தார்கள்.

"இது லஞ்சம் இல்லையா ஃபாதர்?" என்று ஒரு தாய் கேட்டார். இல்லை அம்மா. பிள்ளை கத்தும்போது கொடுத்தால் அது கத்தலுக்குக் கூலி. விடியற்காலை நான்கு மணிக்கு மணி கதவைப் பிராண்டும்போது எழுந்து சோறு வைத்தால், நாளைக்கு மூன்றரைக்கே பிராண்டும். நான் சொல்வது, செய்த நன்மையை அந்தக் கணமே கண்டுகொள்வதை. இன்றைய முதல் வாசகத்தில் பவுலும், பாராட்டத் தகுந்தது எதுவோ அதில் மனத்தை வைக்கச் சொல்கிறார். நாமோ, மதிப்பெண் அட்டையில் ஐந்து பாடம் நன்றாக இருக்க, சிவப்புக் கோடிட்ட ஆறாவதில்தான் விரலை வைக்கிறோம்.

திபேரியக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். கரி நெருப்பின் அருகே நின்றுதான் பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவரும் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். கேள்வி பிறகுதான். அவரைக் கண்ட பேதுரு எங்கும் ஒளியவில்லை. தண்ணீரில் குதித்து அவரை நோக்கி வருகிறார்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, உங்கள் பிள்ளை இன்று செய்த நல்லது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "தம்பிக்கு நீதானே ஷூ லேஸ் கட்டிவிட்டாய், பார்த்தேன்" என்று சொல்லுங்கள்.

நம் பீடச்சிறுவர்களில் ஒருவன் எப்போதும் தாமதமாக வருவான். திட்டத் திட்ட, உள்ளே வராமல் பின்வாசலிலேயே நிற்கப் பழகிவிட்டான். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தான். தூபக்கலசத்துக் கரியை ஊதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து, "நேரத்துக்கு வந்துட்டியே தம்பி, இன்னைக்குக் கரியை நீ பத்த வை" என்றேன். இன்று காலை நான் கோவில் கதவைத் திறக்க வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கையில் தீப்பெட்டி.