கொள்ளையில் பங்கு

1603-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி, சிங்கப்பூர்த் தீவுக்குக் கிழக்கே, ஜோகூர் ஆற்று முகத்துவாரத்தருகே நங்கூரமிட்டிருந்த ஸாந்தா கதரீனா என்னும் போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுத் தளபதி யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் தாக்கினார். சீனத்து மக்காவ் துறைமுகத்திலிருந்து மலாக்காவுக்குப் பிரயாணம் செய்த அக்கப்பலில் சீனப் பட்டும் பீங்கானும் கஸ்தூரியும் நிறைந்திருந்தன. போர்வீரர்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். பகல் முழுதும் பீரங்கிகள் முழங்கிய பின், உயிர்களுக்கு அபயம் தந்தால் கப்பலையும் சரக்கையும் ஒப்படைப்பதாகக் கூறி அவர்கள் பணிந்தனர். ஹேம்ஸ்கெர்க்கும் வாக்குத் தவறாமல் அனைவரையும் மலாக்காவுக்கு அனுப்பிவைத்தார். அந்த மட்டில் அவர் நேர்மையாளரே.

சரக்கு ஆம்ஸ்டர்டாமில் முப்பது லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போயிற்று. அது, 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூலதனத்தில் ஏறத்தாழப் பாதி! 1604-இல் நியாயஸ்தலம் அதனை நேர்மையான யுத்த லாபமென்று தீர்ப்பளித்தது. ஆயினும், ஆயுதமெடுத்தலையே பாவமெனக் கொண்ட மென்னோனைட் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்த அக்கம்பெனியின் பங்குதாரர்கள் அப்பணத்தைத் தொட மனம் ஒப்பவில்லை. வாணிபத்துக்கு முதல் கொடுத்தோமேயன்றி யுத்தத்துக்குக் கொடுக்கவில்லை என்பதே அவர்களது ஆக்ஷேபத்தின் சாரம்.

வேடனாயிருந்த வால்மீகி, வழிப்பறியால் வந்த சோற்றை உண்ட மனைவி மக்களிடம் பாவத்திலும் பங்கேற்பீர்களா என்று கேட்டபோது அவர்கள் கைவிரித்த கதையை நாம் அறிவோம். எவரும் கேளாமலே, உண்பவனுக்குப் பாவத்திலும் பங்குண்டு என்று தாமே உணர்ந்த இவ்வணிகரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவர்களுடைய ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே, இருபத்தொரு வயது நிரம்பிய ஹியூகோ குரோஷியஸ் என்னும் சட்ட மேதையைக் கம்பெனி நாடியது. நியாயாதிபதி இல்லாத நடுக்கடலில், தீங்கிழைத்தவனைத் தண்டிக்கும் உரிமை தீங்குற்றவனுக்கே மீள்கிறது என்றும், போர்த்துக்கீசியர் மக்காவ் துறைமுகத்தில் டச்சு மாலுமிகள் பலரைக் கொன்றார்களாதலால் ஹேம்ஸ்கெர்க் நடத்தியது தர்ம யுத்தமே என்றும் அவர் வாதித்தார். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. முறையிட இடமே இல்லாதவன் அநீதியைச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டுமென்று எந்த தர்மமும் விதிப்பதில்லை. ஆனால், மக்காவ் துறைமுகத்தில் கொலை புரிந்தவர் கரங்கள் வேறு. ஸாந்தா கதரீனாவில் பட்டை ஏற்றி அனுப்பிய வணிகர் கரங்கள் வேறு. இதற்கும் குரோஷியஸ் விடை வைத்திருந்தார்: ஓர் அரசின் குற்றத்துக்கு அதன் பிரஜைகளும் தம் பொருளால் ஈடு செய்யக் கடமைப்பட்டவர்கள்!

அவருடைய வாதம் அவரையே எதிர்த்து நிற்பது இங்கேதான். தான் ஏவாத, கண்ணாலும் காணாத ஒரு குற்றத்துக்காக ஒரு பிரஜை தன் பொருளை இழப்பது நியாயமானால், தன் பணத்தால் மிதந்த கப்பல் செய்த செயலுக்கு ஆம்ஸ்டர்டாமில் அமர்ந்திருக்கும் பங்குதாரன் பொறுப்பாளி அல்லன் என்று எவ்வாறு கூற இயலும்? பிரஜை தன் அரசனைத் தேர்ந்தெடுப்பதில்லை. பங்குதாரனோ தன் கம்பெனியைத் தானே தேர்ந்து, லாபத்தை நாடிச் சேர்ந்தவன். ஆகவே அவன் பொறுப்பு மிகுமேயன்றிக் குறையாது.

இவ்வாதங்களைக் கொண்ட குரோஷியஸின் நூலில் ஓர் அத்தியாயம் மட்டும், கடல் யாவருக்கும் பொது என்னும் கொள்கையை நாட்டும் தனி நூலாக 1609-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. கொள்ளைப் பொருளைப் பற்றிய முழு நூலோ 1868-இல்தான் அச்சேறியது. அதைப் படிக்கையில் அறிவின் கூர்மைக்குத் தலை வணங்குகிறேன். நியாயம் மட்டும் அப்பணத்தை வேண்டாமென்ற வணிகரின் பக்கமே இருந்தது என்பது என் துணிபு.