உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் ஆள்!

சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லையா? மாத்திரை அட்டையைப் புடவை அடுக்குக்குள் ஒளித்து வைக்கிறீர்களா? மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், ஊருக்குத் தெரியக் கூடாது என்று இன்சுலினையே தள்ளிப் போடுகிறீர்களா? நிமிருங்கள்! 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4 தான். நாலு பேரில் ஒருவருக்கு இருப்பதை நீங்கள் மட்டும் ஏன் குற்றம்போல மறைக்க வேண்டும்?

வில்லியனூர் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. பாகூரிலும் அரசு சுகாதார நிலையம் உண்டு. அங்கே டாக்டரிடம் உட்காரும் நேரம் சில நிமிடங்கள். மிச்ச நாளெல்லாம் நோயோடு மல்லுக்கட்டுவது யார்? நீங்கள்! நடவு வயலில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால், தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து உடனே குடிக்க வேண்டும் என்று அறிந்தவர் நீங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைக் குளிர்ச்சியில் காக்கப் பழகியவர் நீங்கள். இந்த அனுபவத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்க உங்களுக்கு உரிமையில்லை!

பக்கத்து வீட்டுப் பெரியவர் வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறார். முள் குத்தினாலும் அவருக்கு உறைக்காது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போய் எத்தனை நாளோ! ராத்திரி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அவர் பாதத்தை அதன்மேல் தூக்கிக் காட்டுங்கள். விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். சிவப்போ, வெடிப்போ, கொப்புளமோ தெரிந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு காலைக் காப்பாற்ற இவ்வளவு போதும் என்றால், இதைவிடப் பெரிய வேலை ஊரில் வேறு என்ன இருக்கிறது?

சர்க்கரை தனியாக வருவதுமில்லை. ரத்த அழுத்தம், கண் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு என்று பின்னாலேயே இழுத்து வரும். காசநோய் வரும் ஆபத்தும் இரண்டு மூன்று மடங்கு கூடும். எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கச் சொல்லி நச்சரிக்க, உங்களைப்போல ஒருவர் கூட வர வேண்டும். மருந்தின் அளவை மட்டும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். அதில் கை வைக்காதீர்கள்.

டாக்டர் இல்லாமல் நம்மால் என்ன முடியும் என்கிறீர்களா? கேரளத்தில் சர்க்கரை வரும் ஆபத்தில் இருந்த 1,007 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஊர்க்காரர்களே பயிற்சி பெற்றுத் தலைமை தாங்கினார்கள். 2018-இல் முடிவு வந்தது. புதிதாகச் சர்க்கரை வருவது பெரிதாகக் குறைந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவில் காய்கறியும் பழமும் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது. டாக்டர் அல்லாதவர்கள் கொண்டுவந்த மாற்றம் அது! இதைச் சின்னது என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்த சுய உதவிக் குழுக் கூட்டத்தில், தவணைக் கணக்கு முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். உங்கள் சுகர் அளவைச் சத்தமாகச் சொல்லுங்கள். யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு யாரோடு யார் போவது என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள்.