அரண் யாருக்கு அரண்?

ஒரு செயல் நடக்க முடியாதது என்றால், அந்த முடியாமை எங்கே குடியிருக்கிறது? தடுக்கும் பொருளிலா, தடுக்கப்படும் பொருளிலா? குவாண்டம் ஊடுருவல் இந்தப் பழைய கேள்வியைத் தொடுகிறது. ஆற்றல் அரணின் உயரத்தைவிடக் குறைந்த ஆற்றலுள்ள துகளும் சில சமயம் மறுபுறம் வந்துவிடுகிறது. அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதை ஜார்ஜ் காமோவ் 1928-இல் இப்படித்தான் விளக்கினார். ஆனால் அவருடைய கணக்கால் கேள்வி பெரிதாக அசைந்துவிடவில்லை. அரணை உயர்த்தினாலோ தடிமனாக்கினாலோ கடப்பது அரிதாகிறது. ஆகவே முடியாமையை அரணின் சொத்தாகவே எண்ணிக்கொள்ளலாம்.

அந்த எண்ணத்தை முதலில் கலைத்தவர் சுவீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன். எலக்ட்ரானுக்கான டிராக்கின் சார்பியல் சமன்பாட்டின்படி, அரண் போதிய அளவு உயர்ந்துவிட்டால் எலக்ட்ரான் அதைத் தாராளமாகக் கடக்கும் என்று 1929-இல் காட்டினார். சாதாரண எலக்ட்ரானுக்கு அதற்கு வேண்டிய மின்புலத்தை ஆய்வகத்தில் உண்டாக்க வழியில்லாததால், முரண்புதிர் ஏட்டோடு நின்றது. ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீன் 2004-இல் மான்செஸ்டரில் தனியே பிரிக்கப்பட்டபின் நிலைமை மாறியது. அதில் மின்னூட்ட ஊர்திகள் நிறையே இல்லாதவைபோல, நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. இவை அரணைச் செங்குத்தாக அணுகினால், அதன் உயரமும் அகலமும் எதுவானாலும் முழுமையாகக் கடந்துவிடும் என்று கட்ஸ்னெல்சன், நோவோசெலோவ், கெய்ம் மூவரும் 2006-இல் கணித்தனர். 2009-இல் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் சோதனைகளில் அதற்கான சான்று கிடைத்தது.

காரணம் ஊர்தியின் உள்ளமைப்பில் இருக்கிறது. கிராஃபீனின் அறுகோண வலையில் கார்பன் அணுக்கள் இரண்டு உட்கூட்டங்களாக அமைந்துள்ளன. எலக்ட்ரானின் அலை அவ்விரண்டிலும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது அது செல்லும் திசையோடு பிணைந்தது. இதற்குப் போலித் தற்சுழற்சி என்று பெயர். திரும்பி ஓட வேண்டுமானால் அந்தப் பங்கீடு தலைகீழாக வேண்டும். இரு கூட்டங்களையும் ஒரேபோல் பாதிக்கும் அரணால் அதைச் செய்ய முடியாது. அரணுக்குள் அலை தேய்வதும் இல்லை. எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகளின் நிலையில் அது தொடர்ந்து ஓடுகிறது. கண்டிப்பாகப் பார்த்தால், இதை ஊடுருவல் என்று அழைப்பதே சற்றுத் தாராளம்தான்.

இந்தத் தாளின்மேல் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் இன்னொரு தாள் உரிய ஒழுங்கில் அமர்ந்தால் கதை தலைகீழ். ஊர்திகளுக்கு நிறை வந்துவிடுகிறது. அவற்றின் திசை ஒரு சுற்றுச் சுற்றும்போது போலித் தற்சுழற்சி இரு சுற்றுச் சுற்றுகிறது. செங்குத்தாக வரும் ஊர்திக்கு அரணுக்குள் பொருந்தும் நிலை கிடைப்பதில்லை. அரண் போதிய அகலமாயின் அது முழுமையாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. சாய்வாக வருவதோ சில கோணங்களில் தடையின்றிப் போகிறது.

கார்பனும் அதேதான், எலக்ட்ரானும் அதேதான், அரணும் அதேதான். எனவே முடியாமையை அரணின் தனிச்சொத்து என்று இனிச் சொல்வது கடினம். நிகழ்தகவு என்பது தனித்துகளின் குணமல்ல, சோதனையின் முழு அமைப்புக்கும் உரிய சார்பு என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் வாதிட்டார். கிராஃபீன் அவருக்குச் சாதகமான சாட்சி. சொல்லப்போனால் ஒரு படி மேலே போகிறது. செங்குத்து வரவில் விடை ஒற்றைத் தாளில் முழுக் கடப்பு, இரட்டைத் தாளில் முழுத் திருப்பம். தற்செயலின்மேல் பழிபோட இங்கே இடமே இல்லை.

நிறையற்ற ஊர்தி உண்மைப் பொருளல்ல, கணக்கின் வசதி மட்டுமே என்று ஒருவர் மறுக்கலாம். வலையை விட்டு வெளியே அது இல்லை என்பது சரிதான். ஆனால் அதைச் செலுத்தவும் வளைக்கவும் அளக்கவும் முடிகிறது. உண்மைக்கு இதைவிடக் கடுமையான அளவுகோலை எலக்ட்ரானுக்கும் யாரும் வைப்பதில்லை. அதற்காக அரணுக்குப் பங்கே இல்லை என்றும் ஆகாது. அதன் விளிம்பு அணு அளவுக்குக் கூர்மையானால் இரு உட்கூட்டங்களும் வெவ்வேறாகப் பாதிக்கப்படும்; அப்போது ஒற்றைத் தாளிலும் ஊர்திகள் திரும்பத் தொடங்கும்.